சொகுசு இல்லம் எது?

வீடு விற்போரின் விளம்பரங்களில் இக்காலத்தில் தவறாமல் இடம்பெறும் சொற்களுள் ஒன்று ‘சொகுசு’ என்பது. ஒரே தெருவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் குறுகிய மாடி வீடுகளுக்கு ‘டவுன் ஹவுஸ்’ என்று பெயரிட்டு, அப்பெயருக்கு முன்னே இச்சொல்லையும் சேர்த்துவிடுகின்றனர். வழவழப்பான சலவைக்கல் தளம், மாடிக்கு மாடி ஏற்றிச் செல்லும் மின்தூக்கி, இறக்குமதி செய்யப்பட்ட குளியல் தொட்டி, கண்ணாடிக் கதவுகள் என்று பட்டியல் நீளுகின்றது. இவையெல்லாம் அமைந்துவிட்டால் வீடு சொகுசு வீடாகிவிடுமா? அன்றி, சொகுசு என்பது வேறெங்கேனும் ஒளிந்திருக்கின்றதா?

இவ்வினாவுக்கு விடை காண, இத்தகைய வீடுகள் தழைத்து வளர்ந்த இலண்டன் மாநகரின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது பயன் தரும். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே நகர இல்லங்கள் கட்டப்பட்டும், பல குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டும், மீண்டும் புதுப்பிக்கப்பட்டும் வந்துள்ளன. ஒரு தலைமுறை சொகுசென்று போற்றியதை மறு தலைமுறை அன்றாடத் தேவையாகக் கொண்டதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

முதலில் பெயரின் பொருளை அறிந்துகொள்வோம். இங்கிலாந்து நாட்டுப் பிரபுக்களுக்கு நாட்டுப்புறத்திலே பரந்த நிலமும் பெரிய மாளிகையும் உண்டு. அதுவே அவர்களுடைய உண்மையான இல்லம். பாராளுமன்றம் கூடும் மாதங்களில் தலைநகரில் தங்குவதற்கென்று அவர்கள் வைத்திருந்த வீடே ‘டவுன் ஹவுஸ்’. எனவே அப்பெயர் முதலில் வீட்டின் அமைப்பைக் குறித்ததன்று; அவ்வீட்டுக்காரருக்கு வேறொரு வீடும் உண்டு என்பதைக் குறித்தது. நகரில் அவ்வீடு அண்டை வீடுகளோடு ஒட்டி நின்றாலும் அவருக்கு அதனால் குறைவொன்றுமில்லை. அவர் ஆண்டுமுழுவதும் அங்கே அடைந்து கிடக்கப்போவதில்லை அன்றோ?

தீயினால் பிறந்த சட்டம்

1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அதிகாலையில், இலண்டன் புட்டிங் சந்திலிருந்த ரொட்டிக் கடை ஒன்றில் தீப்பற்றியது. வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை; மேல்மாடிகள் தெருவின்மீது நீட்டிக்கொண்டு எதிர்வீட்டைத் தொடுமளவுக்கு நெருங்கியிருந்தன. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 13,200 வீடுகளும், 87 பங்கு ஆலயங்களும், புனித பவுல் பேராலயமும் சாம்பலாயின.

மறு ஆண்டு, 1667 பெப்ரவரியில், நகரை மீண்டும் கட்டுவதற்கெனப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் வீடுகளை நால்வகைப்படுத்தியது. சிறு சந்துகளில் கட்டப்படுவன இரண்டு மாடி உயரமே இருக்கலாம்; அவற்றுக்கு மேல் மச்சும் கீழே நிலவறையும் உண்டு. குறிப்பிடத்தக்க தெருக்களிலும் தேம்ஸ் நதியோரத்திலும் மூன்று மாடி. பெருந்தெருக்களில் நான்கு மாடி. நான்காம் வகை, தெருவிலிருந்து தள்ளி முற்றத்துக்குள் நிற்கும் செல்வர் மாளிகைகள். ஏழைக்கு எவ்வளவு உயரம், வணிகனுக்கு எவ்வளவு உயரம் என்பதைச் சட்டமே வகுத்துவிட்டது.

எனினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். உயரத்தில் தரம் பிரித்த அச்சட்டம், சுவரின் பொருளில் தரம் பிரிக்கவில்லை. சந்து வீடாயினும் மாளிகையாயினும் வெளிச்சுவர் செங்கல்லாலோ கருங்கல்லாலோ ஆனதாகவே இருத்தல் வேண்டும். இரண்டு வீடுகளுக்கு இடையே நிற்கும் பொதுச்சுவரும் அவ்வாறே. முதலில் கட்டியவர் எழுப்பிய பொதுச்சுவருக்கு, பின்னர் பக்கத்து மனையில் கட்டுபவர் பாதிச் செலவைத் தரவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஏழையின் வீட்டில் பற்றும் தீ செல்வனின் வீட்டுக்கும் பரவும் என்ற பாடத்தை அந்நகரம் பெருவிலை கொடுத்துக் கற்றிருந்தது. இப்பாடத்தை வாசகர் நினைவில் வைத்திருக்கும்படி வேண்டுகிறேன். இக்கட்டுரையின் இறுதியில் இதற்குத் திரும்புவோம்.

நூறாண்டுகள் கழித்து, 1774ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் இப்பகுப்பை மேலும் நுட்பமாக்கியது. மதிப்பையும் தரைப்பரப்பையும் கொண்டு குடியிருப்பு வீடுகளுக்கு நான்கு தரங்களை அது வகுத்தது. 850 பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்பும், 900 சதுர அடிக்கு மேற்பட்ட தரைப்பரப்பும் உடையது முதல் தர வீடு. 150 பவுண்டுக்கும் 350 சதுர அடிக்கும் உட்பட்டது நான்காம் தர வீடு. சொகுசு எது என்ற வினாவுக்கு அன்று அரசு தந்த விடை இதுவே: பணமும் பரப்பும். அக்காலத்தில் கட்டப்பட்ட பெட்போர்டு சதுக்கம் இன்றும் இலண்டனில் முழுமையாக நிற்கின்றது. முதல் தர வீட்டின் இலக்கணத்தை அங்கே காணலாம்.

படிக்கட்டில் தொங்கிய வாழ்க்கை

அவ்வீடுகளின் உட்புறத்தைப் பார்ப்போம். தெருவில் மனையின் முகப்பு அகலம் விலையுயர்ந்தது. எனவே வீடு பக்கவாட்டில் விரியாது மேல்நோக்கி வளர்ந்தது. முதல் தர வீடேயாயினும் முகப்பு பெரும்பாலும் மூன்று சாளரங்களின் அகலமே. தரைக்குக் கீழே சமையலறை. தரைத்தளத்தில் உணவுக்கூடம். அதற்கு மேல்மாடியில் விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடம். வீட்டிலேயே உயரமான சாளரங்கள் இங்கேதான். அதற்கும் மேலே படுக்கையறைகள். எல்லாவற்றுக்கும் உச்சியில், கூரைக்கடியில், பணிப்பெண்கள் உறங்கும் தாழ்வான மச்சு. தெருவின் நடைபாதைக்கு அடியிலே நிலக்கரி அறை; பின்புறச் சந்தில் குதிரை லாயம்.

வெளியே நின்று பார்ப்பவருக்கு அழகிய முகப்பும் பளபளக்கும் கதவும் தெரிந்தன. தெரியாதது ஒன்றுண்டு. ஒவ்வொரு மாடியிலும் கணப்பு எரிய வேண்டும். அதற்கு நிலக்கரி வாளிகள் கீழிருந்து மேலே செல்ல வேண்டும். சாம்பல் மேலிருந்து கீழே வரவேண்டும். குளிப்பதற்கு வெந்நீர் மேலே, அழுக்கு நீர் கீழே. உணவுத் தட்டுகள் மேலே, எச்சில் தட்டுகள் கீழே. விடியற்காலையில் மலச்சட்டிகளும் அப்படிக்கட்டுகள் வழியாகவே இறங்கின. இவற்றையெல்லாம் சுமந்தவை பணியாளரின் கால்கள். மணிக்கயிற்றை இழுத்தால் கீழ்த்தளத்தில் மணி ஒலிக்கும். யாரேனும் ஒரு பெண் நான்கு மாடி ஏறி வருவாள்.

ஆகவே அவ்வீட்டின் உண்மையான சொகுசு கூடத்திலோ திரைச்சீலையிலோ இருக்கவில்லை. பிறருடைய உழைப்பில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பணிப்பெண் வேலைக்கு வருவோர் அருகினர். அதே வீடு அதே படிக்கட்டுகளுடன் பெருஞ்சுமையாகிவிட்டது. செல்வர் பலர் வசதியான அடுக்குமாடிக் குடியிருப்புகளை நாடினர். பழைய இல்லங்கள் மாடிக்கு ஒரு குடும்பமாகப் பிரிக்கப்பட்டன. இன்றைய விளம்பரம் பெருமையோடு குறிப்பிடும் மின்தூக்கி, வேறொன்றுமன்று. அந்தப் பணிப்பெண்ணின் கால்களுக்கு வந்த மாற்று.

ஒளியும் நீரும்

ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இயற்கையாகவே ஒரு குறை உண்டு. இரு பக்கமும் அண்டைச் சுவர். முன்னும் பின்னும் மட்டுமே சாளரம் வைக்கலாம். நடுப்பகுதி இருண்டுவிடும். அதனால் வெளிச்சம் அரும்பொருளாயிற்று. அந்த அரும்பொருளுக்கு அரசு வரியும் விதித்தது. 1696ஆம் ஆண்டு தொடங்கிய சாளர வரி 1851ஆம் ஆண்டு வரை நீடித்தது. சாளரங்களின் எண்ணிக்கைக்கேற்ப வரி என்பதால், பலர் தம் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டனர். செல்வரோ, பல சாளரங்கள் வைத்து வரி செலுத்துவதையே பெருமையாகக் காட்டிக்கொள்ள முடிந்தது.

இக்குறையை அறிவால் வென்ற ஒருவரும் உண்டு. ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்து புகழ்பெற்ற கட்டடக் கலைஞராக உயர்ந்த சர் ஜான் சோன் என்பவர், இலண்டன் லிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் சதுக்கத்தில் அடுத்தடுத்த மூன்று மனைகளை வாங்கித் தமக்கென வீடு கட்டினார். கூரையில் திறப்புகள் வைத்து மஞ்சள் கண்ணாடி பதித்தார். காலையுணவு அறையின் சிறு கவிகை மாடத்தில் குவியாடிகளைப் பொருத்தி, கிடைத்த சிறு ஒளியைப் பன்மடங்காக்கினார். 1833ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அவ்வீடு நாட்டுடைமையாகும்படி அவர் வழிசெய்தார்; இன்றும் அது அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கே செல்வோர் நினைவில் நிற்பது பொன்னோ பளிங்கோ அன்று. இருள வேண்டிய அறையில் விழும் ஒளியே.

ஒளியைத் தனி ஒருவர் தம் திறமையால் வீட்டுக்குள் வரவழைக்க இயன்றது. நீரும் கழிவும் அவ்வாறல்ல. இலண்டனின் சோகோ பகுதி ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த இடம். அவர்கள் மேற்கே குடிபெயர்ந்த பின், அப்பகுதி வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பம் நெருக்கியடித்து வாழ்ந்தது. வீடுகளுக்கு அடியிலோ பழைய மலக்குழிகள் அப்படியே கிடந்தன. 1854ஆம் ஆண்டு அங்கே பிராட் தெருவில் வாந்திபேதி பரவி 600 பேருக்கு மேல் மாண்டனர். தெருவிலிருந்த பொதுக் குழாய்க் கிணற்று நீரே காரணம் என்பதை ஜான் சினோ என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். 40ஆம் எண் வீட்டின் மலக்குழி கசிந்து, சில அடி தொலைவில் இருந்த கிணற்றில் கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது.

செல்வரின் வீடுகளிலே நீர்விடு கழிப்பறைகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. அலெக்சாந்தர் கமிங் என்பவர் 1775ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அக்கழிவு எங்கே சென்றது? முதலில் மலக்குழிக்கு, பின்னர் தேம்ஸ் நதிக்கு. அந்நதியிலிருந்தே குடிநீரும் எடுக்கப்பட்டது! 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்தது. அதன் பின்னரே, பொறியாளர் ஜோசப் பேசல்கெட் 82 மைல் நீளமுள்ள பெருஞ்சாக்கடைகளை அமைக்கப் பணமும் அதிகாரமும் கிடைத்தன.

பீங்கான் கழிப்பறையை ஒரு செல்வர் தமக்கென வாங்கலாம். ஆனால் அதை உண்மையான வசதியாக்கும் சாக்கடையை அவர் தமக்கு மட்டும் வாங்க இயலாது. நகரம் முழுமைக்கும் சேர்த்தே அது அமைக்கப்பட வேண்டும். இன்று நாம் சொகுசென்றே எண்ணாத குழாய் நீரும் சுகாதாரமான கழிவு வழியும், அக்காலத்துப் பிரபுவின் இல்லத்தில் இருந்த எதனினும் மேலான சொகுசு. அவை பொதுவுடைமையானதால்தான் நாம் அவற்றுக்கு அப்பெயரிடுவதில்லை.

அதே சுவர், மூன்று வாழ்வு

நாட்டிங் ஹில் என்னும் பகுதியின் வரலாறு இன்னொரு உண்மையைக் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சுண்ணச்சாந்து பூசிய வெண்ணிறப் பெருவீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. வீடுகளுக்குப் பின்னால் அல்லது நடுவில், அவ்வீட்டார் மட்டுமே நுழையக்கூடிய பூட்டிய தோட்டங்கள் இருந்தன. பணியாட்களோடு வாழும் குடும்பங்களுக்கென்றே அவை திட்டமிடப்பட்டன.

1950களில் அதே பகுதியின் பல தெருக்கள் நைந்துபோயின. பீட்டர் ராக்மன் என்ற வீட்டுச் சொந்தக்காரர் அங்கே வீடுகளை வாங்கி, குறைந்த வாடகையில் சட்டப் பாதுகாப்புடன் இருந்தவர்களைத் தொல்லைப்படுத்தி வெளியேற்றினார். நிற வேற்றுமையால் வேறெங்கும் இடம் கிடைக்காத மேற்கிந்தியத் தீவு மக்களை, அறைக்கு ஒரு குடும்பமாக, மிகுந்த வாடகைக்குக் குடியமர்த்தினார். 1962இல் அவர் இறந்த பின் அக்கொடுமை முழுவதும் வெளிப்பட்டது. அவர் பெயரே கொடிய வாடகைச் சுரண்டலைக் குறிக்கும் சொல்லாக ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. 1965ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்போருக்கு மீண்டும் பாதுகாப்பளித்தது. விளையாட இடமின்றித் தெருவில் திரிந்த குழந்தைகளுக்காக, 1968இல் போவிஸ் சதுக்கத்தின் பூட்டிய தோட்டத்தை அப்பகுதி மக்கள் வேலியை உடைத்துத் திறந்தனர். பின்னர் நகராட்சி அதனை வாங்கிப் பொதுவாக்கியது.

இன்றோ அந்த வெண்ணிற வீடுகள் இலண்டனின் மிக விலையுயர்ந்த இல்லங்களுள் அடங்கும். சுவர் மாறவில்லை, கூரையின் உயரம் மாறவில்லை, சாளரம் மாறவில்லை. முதலில் மாளிகை, பின்னர் சேரி, இப்போது மீண்டும் மாளிகை. மாறியது, ஒரு கூரையின் கீழ் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதும், அவர்களை வெளியேற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுமே. பத்துப் பேர் வாழ வேண்டிய இடத்தில் ஐம்பது பேர் வாழ்ந்தால், சலவைக்கல் பதித்த கூடமும் சேரிதான். நாளை எவரும் நம்மைத் துரத்தமாட்டார் என்ற உறுதி இருந்தால், சிறிய வீடும் நிம்மதி தரும்.

மண்ணுக்குள் இறங்கிய செல்வம்

இருபத்தோராம் நூற்றாண்டில் இக்கதை மேலும் விந்தையானது. பழைய முகப்புகளைக் காக்கும் சட்டங்களால் வீட்டை உயர்த்தவோ அகலப்படுத்தவோ இயலவில்லை. எனவே செல்வர் மண்ணுக்குள் இறங்கினர். 2008 முதல் 2017 வரையிலான காலத்தில், இலண்டனின் ஏழு நகரப் பகுதிகளில் 4,650 நிலவறைகளுக்கு அனுமதி வழங்கப்பட்டதாக நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அவற்றின் திட்டங்களில் 376 நீச்சல் குளங்கள் இடம்பெற்றிருந்தன. திரைப்பட அரங்குகளும் மதுவறைகளும் வேறு. மாதக்கணக்கில் மண் தோண்டும் ஓசையும் அதிர்வும் பொதுச்சுவர் வழியே அண்டை வீட்டாரை வாட்டின. முறையீடுகள் பெருகவே, கென்சிங்டன்-செல்சி நகராட்சி 2015ஆம் ஆண்டில், நிலவறை பொதுவாக ஒரு தளத்துக்கு மேல் ஆழமாகக் கூடாதென்று வரம்பு கட்டியது.

அதே நகராட்சியின் எல்லைக்குள், அந்த வெண்ணிற வீடுகளிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், கிரென்பெல் கோபுரம் என்ற 24 மாடிக் குடியிருப்பு இருந்தது. 1974இல் கட்டி முடிக்கப்பட்ட அதில் எளிய குடும்பங்கள் வாழ்ந்தன. 2016இல் நிறைவுற்ற புதுப்பிப்பின்போது, கட்டடத்தின் வெளிப்புறம் முழுவதும் அலுமினியத் தகடுகள் போர்த்தப்பட்டன. அத்தகடுகளின் நடுவே எளிதில் எரியும் பாலிஎத்திலீன் இருந்தது. முதலில் எண்ணியிருந்த துத்தநாகத் தகட்டைவிட இது மலிவானது.

2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், நான்காம் மாடியில் ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டி அருகே தீ மூண்டது. அது சாளரத்தின் வழியே வெளித்தகட்டைப் பற்றியது. அரைமணி நேரத்துக்குள் கட்டடத்தின் உச்சியைத் தொட்டது. இறங்குவதற்கு ஒரே ஒரு படிக்கட்டுதான் இருந்தது. 72 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் முதியோரும் இருந்தனர். தங்கள் கட்டடத்தில் தீப் பாதுகாப்பு போதாதென்று குடியிருப்போர் சிலர் முன்பே எச்சரித்திருந்தனர். அவர்கள் குரல் செவியேறவில்லை. 2024 செப்டம்பர் 4ஆம் நாள் வெளியான விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை, அந்த மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று முடிவுகூறியது. அரசும், நகராட்சி நிர்வாகமும், கட்டுமான நிறுவனங்களும், பொருள் தயாரித்தோரும் அதற்குப் பொறுப்பாயினர்.

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட சட்டத்தை இப்போது மீண்டும் நினைத்துப் பார்ப்போம். நீ எத்தனை மாடி கட்டலாம் என்பதை உன் தெருவைப் பார்த்து முடிவு செய்வேன். ஆனால் உன் வெளிச்சுவர் எரியாததாக இருக்க வேண்டும் என்பதில் சந்து, பெருந்தெரு என்ற வேறுபாடு எனக்கில்லை என்று அச்சட்டம் விதித்தது. அந்த அடிப்படை நெறி, அதே மாநகரில், ஏழைகளின் கட்டடத்தில் கைவிடப்பட்டது. ஒரு தெருவில் மண்ணுக்கடியில் நீச்சல் குளம் கட்டும் செல்வம் இருந்தது. மற்றொரு தெருவில் எரியாத வெளித்தகடு செலவு மிகுந்ததாகக் கருதப்பட்டது.

அளவுகோல் எது?

சொகுசு தவறு என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. உழைத்துச் சேர்த்த பொருளில் ஒருவர் நல்ல மரத்தாலான கதவோ, அழகிய தளமோ அமைத்துக்கொள்வதில் பிழையொன்றும் இல்லை. அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யாத வரையில் அது அவரவர் விருப்பம். உயரத்திலும் பரப்பிலும் பூச்சிலும் வீட்டுக்கு வீடு வேறுபாடு இருக்கலாம்.

ஆனால் வேறுபாடு புகக்கூடாத இடங்களும் உண்டு. தீப்பற்றாத சுவர், தப்பிச் செல்ல வழி, தூய நீர், கழிவு செல்லும் பாதை, போதிய ஒளியும் காற்றும், நினைத்தபோது துரத்தப்படாத உறுதி ஆகியவை எந்தத் தர வீட்டுக்கும் உரியவை. இவற்றை ‘கூடுதல் வசதி’ என்று விற்கத் தொடங்கும் நகரம், இவை இல்லாமலும் சிலர் வாழலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்ட நகரமாகும்.

எனவே வீடு வாங்கவோ வாடகைக்குப் பார்க்கவோ செல்வோர், வண்ணம் மிகுந்த விளம்பரத்தை ஒருபுறம் வைத்துவிட்டுச் சில எளிய வினாக்களைக் கேட்பது நலம். பகல் வேளையில் விளக்கேற்றாமல் நடு அறையில் புத்தகம் படிக்க இயலுமா? நீர் எங்கிருந்து வருகின்றது, கழிவு எங்கே செல்கின்றது? பொதுச்சுவர் எத்தகையது? வெளிச்சுவரைப் போர்த்தியிருக்கும் பொருள் யாது? இரவில் தீப்பற்றினால் பாட்டியையும் பச்சிளங்குழந்தையையும் எந்த வழியாக வெளியே கொண்டுவருவது? இவற்றுக்குத் தெளிவான விடை தரும் வீட்டைப் பார்த்த பின், தளம் சலவைக்கல்லா சிமெண்டா என்பதை நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.